சவரிமுத்து மேல் ஊற்றிய தண்ணீர்

ஜூன் 9

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொல்லிவிட்டேன். கெசியாவுக்கு ஐந்து வயதிருக்கும்போது என் முழங்காலை சைக்கிள் செயின் கிழித்துவிட்டது. பிள்ளை தன் பாவாடை நாடாவை உருவி அதில் கட்டுப்போட்டாள். அப்போதே என் அக்கா லீதியாளிடம், “உன் மகள் ஒரு நாள் பெரிய பெரிய ஆட்டக்காரர்களுக்குக் கட்டுப்போடுவாள்” என்றேன். அக்கா, “முதல்ல பிள்ளைக்கு நாடா வாங்கிக் குடு” என்றாள். இன்றைக்கு ஹார்ட்டன் நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்து கடிதம் வந்துவிட்டது. படிப்பின் பெயர் அத்லெட்டிக் டிரெய்னிங்.

நம் ஊரில் இதை விளக்குவதற்குள் தாவு தீர்ந்துவிடுகிறது. “ஏசுவடியான் அண்ணாச்சி, உங்க மருமவ ஓட்டப்பந்தயத்துக்குப் படிக்கப் போறாளாமே?” என்று டீக்கடையில் நாலு பேர் கேட்டார்கள். ஓடுகிறவளின் படிப்பு அல்ல, ஓடுகிறவர் விழுந்தால் தூக்கி நிறுத்துகிறவளின் படிப்பு என்றேன். இந்தியாவிலேயே இதை மூன்று பேர்தான் படித்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். நாலாகவும் இருக்கலாம்.

நேர்முகத் தேர்வில், அந்தப் படிப்பைச் சொல்லிக்கொடுக்கிற ரூபவதி மேடம், “ஏன் இந்தப் படிப்பு?” என்று கேட்டார்களாம். கெசியா சவரிமுத்து கதையைச் சொன்னாளாம். என் கதைக்குத்தான் சீட்டு கிடைத்திருக்கிறது.

பின்னால் யாராவது வரலாறு எழுதினால் உதவும் என்று அந்தக் கதையை இங்கே குறித்து வைக்கிறேன். எண்பத்தேழாம் வருடம் மே மாதம், எங்கள் சேகரத்துக்கு உட்பட்ட ஊர்ச் சபைகளின் வாலிபர் ஓட்டம். பத்து மைல். சவரிமுத்து முதலில் ஓடுகிறான், நான் இரண்டாவது. ஒன்பதாவது மைலில் அவன் சுருண்டு விழுந்தான். உடம்பு அடுப்புபோலக் கொதித்தது. யாரோ ஒரு மடையன் ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தான். கொதித்த உடம்பில் குளிர்ந்த தண்ணீர். அப்படியே ஜன்னி கண்டு, என் மடியில் கிடந்து உயிரை விட்டான். கெசியா சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்காமல் தூங்கமாட்டாள். “நான் இருந்தா காப்பாத்தியிருப்பேன் மாமா” என்பாள்.

ஜூலை 14

கல்லூரி ஆலயத்தில் புதிய மாணவிகளுக்கு அர்ப்பணிப்பு ஆராதனை. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கத்தரிக்கோலும் ஒரு சுருள் பேண்டேஜும் கொண்டுபோய்ப் பலிபீடத்தின் முன் வைக்க வேண்டும். போதகர் ஜெபித்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்கா அழுதாள். மச்சான் இருந்திருந்தால் என்று அவளுக்கு நினைப்பு.

நடுவில் மைக் கீச்சிட்டது. எபநேசர் சவுண்டு சர்வீஸ் வைத்து முப்பது வருடம் ஆன என் காது பொறுக்குமா? எழுந்து போய் ஒரு திருகு திருகினேன். கப்பென்று நின்றது. முதல்வர் ஐயா என்னைப் பார்த்த பார்வையிலேயே மார்ச்சில் வருகிற நிறுவனர் தின ஓட்டத்துக்கு மைக்செட் ஆர்டர் எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது.

கெசியாவின் அறைத்தோழியைப் பார்த்தேன். பேச்சியம்மாள், சங்கரன்கோவில் பக்கம். உடற்கல்வித் துறை, நெடுந்தூர ஓட்டக்காரி. கிறிஸ்தவக் கோயிலுக்குள் வருவது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

“கத்தரிக்கோலுக்கு எதுக்குட்டி ஜெபம்?” என்று கெசியாவைக் கேட்டாள்.

“ஆயுத பூசைன்னு வச்சிக்கோ” என்றாள் கெசியா.

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போதகர் திரும்பிப் பார்த்தார். நான் இருமி மறைத்தேன்.

செப்டம்பர் 3

கெசியா விடுமுறையில் வந்து என் கணுக்காலில் கட்டுப்போட்டுப் பழகுகிறாள். பசை நாடாவைக் குதிகாலுக்குக் கீழே கொடுத்து எட்டுப் போடுவது போல ஒரு சுற்று. ஒரு சுருக்கம் விழுந்தாலும் பிரித்துவிட்டு முதலில் இருந்து தொடங்குகிறாள். என் கால் முடியெல்லாம் அதோடு போய்விட்டது.

“மாமா, உங்களுது ஓடுன கால் மாதிரியே இல்லியே. கெண்டக்கால்ல ஒண்ணுமே இல்ல.”

“முப்பது வருசம் ஆம்ப்ளிஃபயர் தூக்குனா காலு சத்து எல்லாம் கைக்கு ஏறிரும் பிள்ள” என்றேன். அறிவியல்படியும் அது சரியாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 20

ஒரு சின்ன வாக்குவாதம். வெயிலில் ஓடி உடம்புச் சூடு தலைக்கேறி விழுகிறவர்களைப் பற்றி வகுப்பு நடந்திருக்கிறது. ஒரு பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, விழுந்தவரைக் கழுத்துவரை அதில் இறக்க வேண்டுமாம்.

“முதல்ல குளிர வைக்கணும் மாமா. அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரி. அரை மணி நேரத்துக்குள்ள சூட்டை இறக்கிட்டா அநேகமா பிழைச்சிருவாங்கன்னு மேடம் சொல்லுதாங்க.”

“அப்ப சவரிமுத்து?”

“நானும் அதைத்தான் மேடத்துட்ட கேட்டேன்” என்றாள். “உங்க மாமா பாத்தது வேற ஏதாவதா இருக்கும், சரியாக் கேட்டுட்டு வான்னாங்க. அவங்க விழுந்தப்பவே நினைவு இல்லியா? இல்ல தண்ணி ஊத்துனதுக்கு அப்புறம்தான் போச்சா?”

“ஊத்துனப்புறம்தான். விழுந்தப்ப நல்லாப் பேசிக்கிட்டிருந்தான்.”

“எத்தன குடம்?”

“ரெண்டு.”

ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். ஜூனில் நான் ஒரு குடம் என்று எழுதியிருக்கிறேன். அவசரத்தில் எழுதியது. என் வாக்குமூலம் இனிப் பாடப்புத்தகத்திலேயே வந்தாலும் வரும்.

டிசம்பர் 26

பண்டிகைக்கு கெசியா பேச்சியையும் கூட்டிவந்தாள். நல்ல வயிறு அந்தப் பிள்ளைக்கு. அக்கா சுட்ட முறுக்கில் பாதி அவளுக்கே போனது. ஓட்டத்தைப் பற்றி நான் பேசினால் மட்டும் முறுக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறாள்.

“மாமா, காலையில ரெண்டாவதா ஓடுனேன்னீங்க. இப்ப முதல்ல ஓடி அவருக்கு வழி விட்டேங்கீங்க. ராத்திரி சாப்பாட்டுக்குள்ள கப்பு வாங்கிருவீங்க போல.”

அக்கா அடக்கமாட்டாமல் சிரித்தாள். மச்சான் போன பிறகு இந்த ஆறு வருடத்தில் அவள் இந்த வீட்டில் அப்படிச் சிரித்ததில்லை. அதற்காக இன்னொரு பொய் சொன்னாலும் தகும் என்று நினைத்தேன்.

மார்ச் 7

நாளைக்கு ஓட்டம். நாலு ஹாரன் ஸ்பீக்கர், இரண்டு பாக்ஸ், மைக் மூன்று. எல்லாம் துடைத்து வைத்தாகிவிட்டது. கெசியா போனில் பேசினாள். முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் வைக்கும் ஐஸ் தொட்டி அவளுடைய பொறுப்பாம். முதல் வருடப் பிள்ளைக்கு அதைக் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் அவள்தான் முதல் மதிப்பெண்.

மார்ச் 8

ஓட்டம் நடந்தது. பேச்சிக்கு உடம்பு சரியில்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஹாரன்கள் நாலும் சேதம் இல்லாமல் வந்துவிட்டன. ஒரு வயரைக் காணவில்லை.

மார்ச் 10

நேற்று எழுத நேரமில்லை. இன்றைக்கு விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் நேற்று முன்தினம் நான் ஒருவன் அங்கே இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே உடம்பு சிலிர்க்கிறது.

காலை ஆறரைக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம். சிறப்பு விருந்தினர் வந்து கொடி அசைக்கும்போது ஒன்பதரை. அந்த மூன்று மணி நேரமும் கூட்டத்தைக் கட்டிப்போட்டது யார்? மைக்கைப் பிடித்து விடுகதை சொன்னேன், பாட்டுப் போட்டேன், சவரிமுத்து கதையையும் சொன்னேன். மைதானமே ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி இருந்தது. பேச்சியின் அப்பா சுடலைக்கண்ணு, நூற்பாலை வாட்ச்மேன், மகள் ஓடுவதைப் பார்க்க வந்தவர், மேடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்குக் கண்ணீரே வந்திட்டு அண்ணாச்சி” என்றார்.

பத்து கிலோமீட்டர். பேச்சி மூன்றாவதாக வந்தாள். கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் மதிலைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தாள். “பஸ்ஸு போயிருச்சா, பஸ்ஸு போயிருச்சா” என்று கேட்டுக்கொண்டே விழுந்தாள். ரூபவதி மேடமும் பெரிய பிள்ளைகளும் ஏழாவது கிலோமீட்டரில் கால் பிசகிய ஒருத்தியிடம் இருந்தார்கள். கெசியாதான் ஓடி வந்தாள். தொட்டுப் பார்த்தாள். “கால்ல பிடிங்க. தொட்டிக்குள்ள இறக்கணும்” என்று சத்தம் போட்டாள். பேச்சியைத் தொட்டியின் விளிம்புவரை தூக்கிவிட்டார்கள். ஐஸ் கட்டிகள் மிதந்தது மேடையிலிருந்தே தெரிந்தது.

மைக் என் கையில் இருந்தது.

“ஏட்டி கெசியா, நில்லு. இறக்காத. சவரிமுத்துவ நெனச்சிக்கோ. நான் கண்ணால பாத்தவன் சொல்லுதேன்.”

நாலு ஹாரனிலும் கேட்டது. கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. “வேண்டாம், வேண்டாம், ஜன்னி வந்துரும்” என்று பெரியவர்கள் எல்லாம் சேர்ந்துகொண்டார்கள். சுடலைக்கண்ணு குறுக்கே விழுந்து மகளைப் பிடித்துக்கொண்டார். “கண்ணால பாத்தவங்க சொல்லுதாங்களே தாயி, போட்டுராத” என்று கெசியாவைக் கும்பிட்டார்.

கெசியா நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் பேச்சியின் தோளில் இருந்து கையை எடுத்தாள்.

வேனில் ஏற்றிப் போர்வை போர்த்தி அனுப்பினோம். மேம்பால வேலையால் நெரிசல். போய்ச்சேர முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. இன்னும் கண் விழிக்கவில்லையாம். விழித்துவிடுவாள். ஐஸில் போட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

மார்ச் 11

காலை ஒன்பது பத்துக்குப் பேச்சி இறந்துவிட்டாள்.

மார்ச் 12

அக்காவும் கெசியாவும் பேச்சியின் ஊருக்குப் போய் வந்தார்கள். எனக்குக் காய்ச்சல், நூற்றி நாலு என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். புறப்படும்போது அக்கா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள்.

மார்ச் 15

கல்யாண வீட்டுக்கு மைக்செட் கேட்டு வந்தார்கள். செட் ரிப்பேர் என்று சொன்னேன்.

மார்ச் 17

கெசியா வீட்டில்தான் இருக்கிறாள். விசாரணை முடியும்வரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று மதியம் மீன் கடைக்குப் போய் ஐஸ் வாங்கி வந்தாள். வாளியில் தண்ணீர் பிடித்து ஐஸைக் கொட்டி, முழங்கைவரை கையை முக்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். கை சிவந்துவிட்டது.

“என்ன பிள்ள செய்யுத?”

“ஜன்னி வருதான்னு பாக்கேன் மாமா.”

பத்து நிமிடம் வைத்திருந்தாள். பிறகு துடைத்துக்கொண்டு போய் அரிசி களைந்தாள்.

மார்ச் 20

விசாரணை. அறைக்குள் முதல்வர் ஐயா, ரூபவதி மேடம், போதகர், ஒரு டாக்டர், சுடலைக்கண்ணு. நான் வராந்தாவில் பெஞ்சில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது.

“தொட்டி யார் பொறுப்பு?”

“என் பொறுப்பு சார்.”

“என்ன செய்யணும்னு தெரியுமா?”

“தெரியும் சார்.”

“ஏன் செய்யல?”

“பயந்துட்டேன்.”

“எதுக்குப் பயந்தே? யாராவது தடுத்தாங்களா?”

“என் பொறுப்பு சார். நான் இறக்கல.”

எத்தனை விதமாகக் கேட்டாலும் இதையேதான் சொன்னாள். என் பேரை அவள் சொல்லவே இல்லை.

வெளியே வந்த ரூபவதி மேடம் என் எதிரில் நின்றார்கள். “இருபத்தேழாம் தேதி நீங்களும் வரணும். அவளைப் படிப்பிலிருந்து நீக்குவதாகத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குப் புரியாதது ஒன்றுதான். நான் எட்டு மாதம் சொல்லிக்கொடுத்ததை அவள் நம்பினாள். பரீட்சையில் எழுதினாள். அதைவிட அதிகமாக அவள் நம்புகிற ஏதோ ஒன்று அங்கே இருந்திருக்கிறது” என்றார்கள்.

மைக்கில் தடுத்தது நான்தான் என்று மேடத்துக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் வர வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். நான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லி எழுந்தேன். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

மார்ச் 24

சுடலைக்கண்ணு கடைக்கு வந்தார். முகம் மழிக்கவில்லை. ஆளே பாதியாகிவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, உங்கள யாரும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதுன்னு காலேஜ்ல எழுதிக் குடுத்துட்டேன். நீங்க கண்ணால பாத்தத சொன்னீய. எம்புள்ள நல்லதுக்குத்தான சொன்னீய. அந்தப் பிள்ளதான் ரெண்டு மனசா நின்னுட்டு. படிச்ச பிள்ள. போடணும்னா எங்கள மீறிப் போட்டிருக்கணும். அதை என்னால மன்னிக்க முடியல.”

நான் கடையில் இருந்த வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

“ஒண்ணு கேக்கட்டுமா? அந்த சவரிமுத்துக்கு அப்பா இருந்தாரா?”

“இருந்தாரு.”

“அவரு அப்புறம் எப்படி இருந்தாரு அண்ணாச்சி? எத்தன வருசம் இருந்தாரு? எப்படி இருந்தாருன்னு தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் நல்லாயிருக்கும்.”

எதைக் கேட்டாலும் எனக்கு வாயில் பதில் வரும். இல்லையென்றால் உண்டாக்கிச் சொல்வேன். அவர் தோட்டம் வைத்துப் பிழைத்தார், தொண்ணூறு வயதுவரை இருந்தார் என்று ஒரு வரி சொன்னால் போதும், அந்த மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்வார். சொல்ல வரவில்லை.

“எனக்குத் தெரியாது” என்றேன்.

டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். பஸ் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 27

கெசியாவை நீக்கவில்லை. ஜூனில் முதல் வருடத்தை மறுபடி படிக்க வேண்டும். நான் சொல்லி முடித்த பிறகுதான் அந்த முடிவை வாசித்தார்கள். சுடலைக்கண்ணு எழுந்து அவளிடம் போய்த் தலையில் கை வைத்தார். என்னைக் கடந்து போகும்போது என்னைப் பார்க்கவில்லை. அவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் கெசியா பெண்கள் பக்கம் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் பின்னால். வீட்டுக்கு வந்ததும் அக்கா எனக்கு மட்டும் சோற்றை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கெசியா சொல்லியிருக்கிறாள்.

விசாரணை அறையில் நான் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. எனக்கு இது பழக்கமில்லாத வேலை.

எண்பத்தேழு மே மாதம் வாலிபர் ஓட்டம் நடந்தது உண்மை. சவரிமுத்து ஒன்பதாவது மைலில் விழுந்து செத்தது உண்மை. நான் ஓடவில்லை. எனக்கு அப்போது பதினெட்டு வயது, பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தவறியவன், ஓட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. புளியமரத்து வளைவில் ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க என்னைத் தனியாக நிறுத்தியிருந்தார்கள். மற்றவர்களை வெகு தூரம் பின்னால் விட்டுவிட்டு வந்தவன், என் எதிரில்தான் விழுந்தான். உளறிக்கொண்டே கையை என் பக்கம் நீட்டினான். எனக்குப் பயத்தில் கை கால் ஓடவில்லை. அப்படியே நின்றேன். ரூபவதி மேடம் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். அரை மணி நேரம் இருக்கும் என்றேன்.

ஆட்கள் வந்து, “ஏன்டே தண்ணி ஊத்தல?” என்று கேட்டார்கள். “ஊத்துனா ஜன்னி கண்டுருமேன்னு பாத்தேன்” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஒரு பெரியவர் அதுவும் சரிதான் என்று தலையை ஆட்டினார். அடுத்த மாதம் டீக்கடையில் அந்தக் கதையைச் சொல்லும்போது, யாரோ தண்ணீர் ஊற்றியதாகச் சொல்லியிருந்தேன். அதன் பிறகு எனக்கே அவன் நனைந்து கிடந்த மாதிரிதான் ஞாபகம் வந்தது.

அந்தத் தண்ணீர் நானாகச் சேர்த்தது. சவரிமுத்து மேல் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஒரு சொட்டும் விழவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது என் இடுப்பில் இருந்த குடம் நிறைந்தே இருந்தது.